கைபேசியில் சிக்னல் இருந்தும் பேச்சு அறுபடுகிறதா? குறுக்கீட்டைக் கண்டறிந்து குறைக்கும் முறை

கைபேசித் திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனாலும் எதிர்முனைக் குரல் துண்டு துண்டாக வருகிறது, பணம் அனுப்பும் செயலி சுற்றிக்கொண்டே நிற்கிறது, படம் பாதியில் உறைகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் “இங்கே டவர் சரியில்லை” என்று முடிவுகட்டி சிம்மை மாற்றுகிறார்கள், அல்லது சிக்னலைப் பெருக்கும் கருவியான பூஸ்டர் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். இவை இரண்டுமே தேவைப்படாத வீடுகள் பல உண்டு. அந்தக் கோடுகள் பெரும்பாலும் காட்டுவது வந்து சேரும் அலையின் வலிமையை மட்டுமே. அதனோடு சேர்ந்து ஏற்பிக்குள், அதாவது அலையைப் பெறும் சுற்றுக்குள், எவ்வளவு இரைச்சல் நுழைகிறது என்பதை அவை காட்டுவதில்லை. மேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் பேசினாலும் நமக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் அவர் குரல் அன்று, மேளம்தான். கைபேசியின் ஏற்பிக்கும் அதே நிலைதான் ஏற்படுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே: சிக்னலைக் கூட்ட முயல்வதற்கு முன், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கைபேசியே போதுமான அளவுகோல். மின்னணுவியல் படிக்காதவரும் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடிய வரிசையில் இதைத் தருகிறேன்.

முதல் படி: கோடுகளை விட்டு எண்களுக்கு வருதல்

ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தொட்டால் அளவீட்டுப் பக்கம் திறக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில், அமைப்புகளுக்குள் சென்று கைபேசியைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைப் பார்த்தால் டிபிஎம் (அலையின் ஆற்றலை டெசிபலில் சொல்லும் அலகு) அளவில் ஓர் எண் இருக்கும். ஆனால் அது மட்டும் நம் வேலைக்குப் போதாது. நெட்மான்ஸ்டர், செல்மேப்பர் போன்ற செயலிகளில் ஒன்றை நிறுவிக்கொள்வது நல்லது. அவை இருப்பிட அனுமதி கேட்கும். டவர் விவரங்களைப் படிக்க ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கட்டாயமாக்கியிருப்பதால் அதை மறுத்தால் செயலி எதையும் காட்டாது.

திரையில் வரும் பல எண்களில் நமக்கு வேண்டியவை நான்கு. ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வரும் அடையாள அலையின் வலிமை. இது எப்போதும் கழித்தல் குறியோடு வரும். −80க்கு அருகில் இருந்தால் வலுவானது, −100ஐத் தாண்டினால் மெலிந்தது, −115 அளவில் இருந்தால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். எஸ்ஐஎன்ஆர் என்பது நமக்கு வேண்டிய அலை, இரைச்சலையும் குறுக்கீட்டையும் விட எத்தனை டெசிபல் மேலே நிற்கிறது என்பதைச் சொல்வது. 20க்கு மேல் இருந்தால் மிக நன்று, 13க்கு மேல் நன்று, பூஜ்யத்துக்கு நெருங்கினால் பேச்சு தடுமாறத் தொடங்கும், அதற்கும் கீழே போனால் இணைப்பு பெயரளவில்தான் இருக்கும். மூன்றாவது பிசிஐ, 4ஜியில் 0 முதல் 503 வரை வரும் இந்த எண், நாம் எந்த டவரின் எந்தப் பக்கத்தோடு இணைந்திருக்கிறோம் என்பதைக் காட்டும். நான்காவது, அலைவரிசை. இந்தியாவில் 4ஜி, 5ஜி சேவைகள் 700, 850, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ் தொகுதிகளில் பரவிக் கிடப்பதால், கைபேசி தற்போது எதில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் குற்றவாளியைத் தேட முடியாது.

டெசிபல் பழக்கமில்லாதவர்கள் இவ்வளவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு.

இரண்டாம் படி: 125ஐக் கூட்டிப் பார்த்தல்

குறை மெலிந்த சிக்னலிலா, குறுக்கீட்டிலா என்பதை ஒரே கூட்டலில் பிரித்துவிடலாம். இந்தக் கணக்கைப் பொறுமையாகப் புரிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மீதி அனைத்தும் இதன்மேல்தான் நிற்கிறது.

4ஜியில் ஆர்எஸ்ஆர்பி என்பது 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சிறு துணை அலையின் ஆற்றல். அந்த அகலத்தில், அறை வெப்பநிலையில், எந்தச் சாதனமும் இல்லாவிட்டாலும் இயற்கையாகவே இருக்கும் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ −132 டிபிஎம். கைபேசியின் ஏற்பியும் தன் பங்குக்குச் சுமார் 7 டெசிபல் இரைச்சலைச் சேர்க்கிறது. ஆக, வெளிக் குறுக்கீடு எதுவும் இல்லாத இடத்தில் ஏற்பி உணரும் அடிமட்ட இரைச்சல் −125 அளவில் இருக்கும். எனவே திரையில் தெரியும் ஆர்எஸ்ஆர்பியோடு 125ஐக் கூட்டினால், அந்த இடத்தில் அதிகபட்சமாகக் கிடைத்திருக்க வேண்டிய எஸ்ஐஎன்ஆர் வந்துவிடும். கைபேசிகள் 30க்கு மேல் பெரும்பாலும் காட்டுவதில்லை என்பதால், கூட்டல் அதைத் தாண்டினால் 30 என்றே வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் ஆர்எஸ்ஆர்பி −112, எஸ்ஐஎன்ஆர் 10 என்று தெரிகிறது. 125ஐக் கூட்டினால் 13 வருகிறது; கிடைப்பதோ 10. வித்தியாசம் மிகச் சிறிது. இங்கே குறுக்கீடு இல்லை, டவர் தொலைவில் இருக்கிறது அல்லது சுவர் தடுக்கிறது. இந்த வீட்டில் மின்விளக்குகளை அணைத்துப் பார்ப்பது வீண் வேலை. சன்னல் ஓரத்துக்கு நகர்வதோ, வைஃபை வழியாக அழைப்பு பேசும் வசதியை இயக்குவதோதான் வழி.

இன்னொரு வீட்டில் ஆர்எஸ்ஆர்பி −90, எஸ்ஐஎன்ஆர் 2. கூட்டினால் 35 வருகிறது. திரையில் 30 ஆவது தெரிந்திருக்க வேண்டும், கிடைப்பது 2 மட்டுமே. அதாவது இயற்கையான இரைச்சலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான ஏதோ ஒன்று அதே அலைவரிசையில் ஏற்பிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் பேச்சு அறுபடும் வீடு இதுதான். கிடைக்க வேண்டியதற்கும் கிடைப்பதற்கும் உள்ள இந்த இடைவெளி 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

மூன்றாம் படி: பக்கத்து டவரா, வீட்டுக்குள் இருக்கும் பொருளா?

குறுக்கீடு இருப்பது உறுதியானதும், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது செயலியில் வரும் அண்டை டவர்களின் பட்டியல். 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்புவது இயல்பு. நாம் இணைந்திருக்கும் டவரின் ஆர்எஸ்ஆர்பி −90 என்று இருக்கும்போது, அதே அலைவரிசை எண்ணில் இன்னும் இரண்டு மூன்று டவர்கள் −92, −94 என்று அதை ஒட்டியே நின்றால், குறுக்கிடுவது அந்த டவர்கள்தாம். மாறாக, அண்டை டவர்கள் −108, −110 என்று வெகுவாக மெலிந்திருந்தும் எஸ்ஐஎன்ஆர் தாழ்ந்தே இருந்தால், இரைச்சல் நம் வீட்டிலிருந்தோ அண்டை வீட்டிலிருந்தோ வருகிறது என்று துணிந்து தேடலாம்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை போன்ற பகுதிகளில் பதினைந்தாம் மாடி, இருபதாம் மாடியில் குடியிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைச் சிக்கல்தான் வருகிறது. டவர்களின் ஆன்டெனாக்கள் தரையை நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்தப்படுகின்றன; தெருவில் நிற்பவருக்கு இடையில் உள்ள கட்டடங்கள் தொலைவு டவர்களை மறைத்து, அருகிலுள்ள ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்க விடுகின்றன. உயரத்தில் அந்த மறைப்பு இல்லை. பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள டவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வலிமையில் வந்து மோதுகின்றன. இங்கே பால்கனிக்குப் போவது நிலைமையை மோசமாக்கும். மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்து, ஒரே ஒரு சன்னல் வழியாக ஒரு டவரை மட்டும் பார்க்கும் அறைக்குள் வந்தால், ஆர்எஸ்ஆர்பி ஐந்தாறு டெசிபல் குறைந்தாலும் எஸ்ஐஎன்ஆர் உயரும். சிக்னல் குறைந்த இடத்தில் பேச்சு தெளிவது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் மற்ற டவர்களைச் சுவர் அதைவிட அதிகமாகக் குறைக்கிறது என்பதே காரணம். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, ஒவ்வொரு மூலையிலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டால், வீட்டில் பேசுவதற்கு ஏற்ற இடம் எது என்று தெரிந்துவிடும்.

நான்காம் படி: அளவெடுக்கும் ஒழுங்கு

இனி வீட்டுக்குள் தேடல் தொடங்குகிறது. தேடலைவிட முக்கியமானது அளவெடுக்கும் ஒழுங்கு. எஸ்ஐஎன்ஆர் நொடிக்கு நொடி ஏறி இறங்கும் எண். ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்தால் தவறான பொருளைக் குற்றம் சாட்டுவோம்.

கைபேசியை மேசைமேல் ஓரிடத்தில், கையில் பிடிக்காமல், நிலையாக வையுங்கள். வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* என்று அழுத்தினால் பல மாடல்களில் திறக்கும் பக்கத்தில், எல்டிஇ (4ஜி) மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் கைபேசி 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே தாவாது. 125 என்ற கணக்கும் 4ஜிக்கே பொருந்தும். சோதனை முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திரும்ப மறக்க வேண்டாம். ஒரு நிமிடம் எண்ணைக் கவனித்து, அது எந்த எல்லைகளுக்குள் ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் பிசிஐயையும் அலைவரிசையையும் சேர்த்து எழுதுங்கள். சோதனையின் நடுவில் கைபேசி வேறு டவருக்கு மாறிவிட்டால் முந்தைய அளவோடு பிந்தையதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் ஊரே இணையத்தில் இருக்கும்போது அண்டை டவர்களின் சுமை கூடி எஸ்ஐஎன்ஆர் தானாகவே தாழும். அதனால் காலையில் ஒரு பாதியும் இரவில் ஒரு பாதியுமாகச் சோதிக்கக் கூடாது. எந்தப் பொருளைச் சந்தேகித்தாலும், அணைத்து, இயக்கி, மறுபடி அணைத்துப் பாருங்கள். மூன்று முறையும் எண் அதற்கேற்ப மாறினால் மட்டுமே அந்தப் பொருள்தான் காரணம் என்று கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கைபேசியைச் சுற்றி இருப்பவை

முதலில் உறையைக் கழற்றுங்கள். உலோகத் தகடு பதித்த உறை, காரில் ஒட்டிவைக்கும் காந்தத் தகடு, பின்புறம் ஒட்டிய வளையம் ஆகியவை ஆன்டெனாவின் இசைவைக் குலைக்கும். பிடிக்கும் கையும் அப்படித்தான். 2010இல் வெளியான ஐபோன் 4இல் இடது கீழ் மூலையைக் கை தொட்டால் சிக்னல் விழுந்ததும், ஆப்பிள் நிறுவனம் இலவசமாக உறை கொடுக்க நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். இவை அலையை மெலியச் செய்பவையே தவிர இரைச்சலை உண்டாக்குபவை அல்ல என்பதால் இதற்குமேல் இங்கே நிற்க வேண்டியதில்லை.

சார்ஜர் அப்படியன்று. மலிவான சார்ஜர்களில் விலையைக் குறைக்க முதலில் கைவிடப்படுவது இரைச்சல் வடிகட்டிதான். அத்தகைய சார்ஜரை மாட்டியதும் தொடுதிரை தானாகவே தட்டுவதும் விரலுக்குக் கீழ்ப்படியாமல் போவதும் பலர் கண்ட காட்சி. கம்பி வழியாகக் கைபேசியின் உடலுக்கே இரைச்சல் ஏறுகிறது என்பதற்கு அது கண்கூடான சான்று. சார்ஜரை மாட்டியும் கழற்றியும் எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் சார்ஜரில் அச்சிட்டிருப்பது அவசியம். ஆனால் அந்தப் பதிவு மின் பாதுகாப்பைப் பற்றியது, அலை இரைச்சலுக்கு அது உத்தரவாதம் அன்று. கைபேசியோடு வந்த சார்ஜரோ, அதே நிறுவனம் விற்கும் சார்ஜரோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஹாட்ஸ்பாட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜியோ, ஏர்டெல் ஆகியவை 4ஜிக்குப் பயன்படுத்தும் 2300 தொகுதி 2400 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. பழைய வகை வைஃபையும் புளூடூத்தும் அதே 2400இல்தான் தொடங்குகின்றன. ஒரே கைபேசிக்குள் ஒன்று ஒலிபரப்பும்போது மற்றொன்று கேட்க வேண்டியிருப்பதால், நடுவில் உள்ள வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கசிவு இருக்கும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் அடியோடு விலகும். யூஎஸ்பி 3.0 வன்தட்டு, பென் டிரைவ் ஆகியவற்றின் கம்பிகளும் இதே 2400 சுற்றுவட்டாரத்தில் இரைச்சலைப் பரப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. மடிக்கணினியின் பக்கவாட்டில் வன்தட்டைச் செருகி, அதற்கு ஒட்டினாற்போல் கைபேசியையோ இணையம் தரும் டாங்கிளையோ வைத்திருப்பவர்கள், இடையில் ஒரு முழ இடைவெளி விட்டாலே மாற்றத்தைக் காண்பார்கள்.

ஆறாம் படி: மின் இணைப்பை நிறுத்திப் பார்த்தல்

இதுவரை மாற்றம் தெரியவில்லை என்றால் வீட்டின் மின்சாதனங்களைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றாக அணைப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாகக் கொடுப்பதே விரைவான வழி. வீட்டில் ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவச் சாதனம் எதுவும் மின்சாரத்தில் ஓடினால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். கணினிகளை முறைப்படி மூடிவிட்டு, மின்பெட்டியில் உள்ள முதன்மை எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்குங்கள்.

நம் வீடுகளில் பலரும் இங்கே ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எம்சிபியை இறக்கிய அடுத்த நொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு பாதி விளக்குகளையும் மின்விசிறிகளையும் ஓட்டத் தொடங்கும். இன்வெர்ட்டரே வலுவான இரைச்சல் மூலமாக இருக்கவும் கூடும். அதன் பொத்தானையும் அணைத்து, கணினியின் யூபிஎஸ்ஸையும் அணைத்த பிறகுதான் வீடு உண்மையில் அமைதியாகிறது. இப்போது எஸ்ஐஎன்ஆர் 2இலிருந்து 12க்கோ 15க்கோ எழுந்தால், இரைச்சல் நம் கூரையின் கீழேயே இருக்கிறது. எழவில்லையென்றால் அது வெளியிலிருந்தோ கைபேசிக்குள்ளிருந்தோ வருகிறது. நேரே பழுது பார்த்த கைபேசிகள் பற்றிய பகுதிக்கும், பிறகு புகார் பகுதிக்கும் செல்லலாம்.

எழுந்தது என்று வைத்துக்கொள்வோம். கிளை எம்சிபிகள் எல்லாவற்றையும் இறக்கிவைத்து, முதன்மையைக் கொடுத்து, பின் கிளைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் காத்திருங்கள். எந்தக் கிளையில் எண் விழுகிறதோ அந்தக் கிளையில் உள்ள சாதனங்களின் செருகிகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் சில சாதனங்களுக்குப் போதாது, செருகியையே எடுத்துவிடுவது மேல்.

அனுபவத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை, கூரை அலங்காரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்ட்ரிப் விளக்குகளின் டிரைவர்கள் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிகள்), சிசிடிவி பதிவுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் துளையிட்ட உலோகப் பெட்டி, பெயரில்லாத நிறுவனத்தின் எல்இடி விளக்கு, செட்டாப் பாக்ஸின் அடாப்டர் ஆகியவை. நேர்மையாகச் சொன்னால், மின்சாரத்தை மாற்றித் தரும் இத்தகைய சுற்றுகளின் இரைச்சல் பெரும்பாலும் வானொலி அலைவரிசைகளைத்தான் கெடுக்கிறது; 700, 850, 900 தொகுதிகள் வரை அது எட்டுவது சாதனம் மட்டமானதாகவோ பழுதடைந்தோ இருக்கும்போதுதான். ஆனாலும் அது நடக்காத ஒன்றன்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் குழல்விளக்குகளில் இருந்த மின்னணுச் சோக்குகள் 700 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலைப் பரப்பி ஒரு கைபேசி நிறுவனத்தின் சேவையைக் கெடுத்ததால், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2014இல் அந்தக் கட்டடத்துக்கு அறிவிக்கை அனுப்பியது.

டிவியோடு செட்டாப் பாக்ஸை இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எண்களே சாட்சி சொல்கின்றன. முழு எச்டி படத்தை அனுப்பும்போது அந்தக் கம்பியில் தரவை ஒழுங்குபடுத்த ஓடும் கடிகாரத் துடிப்பு 148.5 மெகாஹெர்ட்ஸ். எந்தத் துடிப்பும் தன் மடங்குகளில் எதிரொலிக்கும். இதன் ஆறாவது மடங்கு 891 மெகாஹெர்ட்ஸ். 850 தொகுதியில் கைபேசி கேட்கும் பகுதி 869 முதல் 894 வரை. கவசம் மெல்லிய மலிவுக் கம்பி டிவியின் பின்னால் சுருண்டு கிடந்தால், 891இல் கசியும் அந்தக் கீற்று 850இல் இயங்கும் கைபேசியைத் தொந்தரவு செய்யலாம். 1800இல் இயங்கும் கைபேசிக்கு அதே இடத்தில் எந்தக் குறையும் தெரியாது. டிவியை 4கேவுக்கு மாற்றினாலும் தப்பிக்க முடியாது, நொடிக்கு 30 படங்கள் ஓடும் 4கேவில் துடிப்பு 297 ஆகி மூன்றாம் மடங்கே 891இல் விழுகிறது. ஒரே ஒரு அலைவரிசையில் மட்டும் எஸ்ஐஎன்ஆர் கெடுகிறது என்றால், இத்தகைய கடிகார மடங்கைச் சந்தேகியுங்கள். தரமான, தடித்த கவசமுள்ள கம்பிக்கு மாறுவதே தீர்வு. கேபிள் டிவி இணைப்பிலும் 862 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகள் ஓடுகின்றன. 5ஜியின் 700 தொகுதியில் கைபேசி கேட்கும் 758 முதல் 803 வரையிலான பகுதி அதற்குள்ளேயே அடங்குகிறது. கவசம் பிய்ந்து, முறுக்கி ஒட்டுப்போட்ட கேபிள் இணைப்பு வீட்டில் இருந்தால், முறையான கனெக்டர் போட்டுத் தரும்படி கேபிள்காரரிடம் சொல்லுங்கள்.

இரைச்சலைத் தேட ஒரு பழைய பாக்கெட் ரேடியோவும் உதவும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் அதை நிறுத்தி, ஒலியைக் கூட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தால், குறிப்பிட்ட அடாப்டரை நெருங்கும்போது சீறல் பெருகும். அந்த அடாப்டர்தான் கைபேசியைக் கெடுக்கிறது என்று இதனால் உறுதியாகாது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு அலைவரிசைகள். எதை முதலில் பிடுங்கிப் பார்ப்பது என்ற வரிசை மட்டும் கிடைக்கும்.

ஏழாம் படி: கண்டுபிடித்த பொருளை அடக்குதல்

மிக எளிய மருந்து தூரம். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 6 டெசிபல் குறைகிறது. கைபேசிக்கும் அந்த அடாப்டருக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருந்ததை 240 சென்டிமீட்டர் ஆக்கினால், மூன்று இரட்டிப்புகளில் 18 டெசிபல் லாபம். கட்டில் தலைமாட்டில் உள்ள மின்பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றுவது எந்தப் பூஸ்டரையும்விடப் பயன்தரும்.

நகர்த்த முடியாததை மாற்றுங்கள். பழுதான எல்இடி டிரைவருக்குப் பதிலாகப் பெயருள்ள நிறுவனத்தின் டிரைவரைப் போடும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம். மின்சாரப் பெட்டிகளை நீங்களே திறக்க வேண்டாம். கம்பிகளைச் சுருட்டி வைக்காமல் தேவையான நீளத்துக்கே வையுங்கள், நீண்ட கம்பி இரைச்சலைப் பரப்பும் ஆன்டெனாவாகவே வேலை செய்கிறது. கம்பியின்மேல் மாட்டும் ஃபெரைட் வளையங்கள் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையங்கள்) நல்லவைதாம், ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் திறம்பட வேலை செய்யும். இரைச்சல் எழும் சாதனத்தை ஒட்டியே அவற்றை மாட்ட வேண்டும். கம்பியின் மறுமுனையில் மாட்டினால் இடைப்பட்ட நீளம் முழுதும் இரைச்சலைப் பரப்பிய பிறகே தடை வருகிறது.

பழுது பார்த்த கைபேசிகள்

ஒரே அறையில், ஒரே நிறுவனத்தின் சிம்முடன் இருக்கும் மற்ற கைபேசிகளுக்கெல்லாம் எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்து, உங்களுடையதில் மட்டும் மோசம் என்றால், வீட்டைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கைபேசிக்குள் பார்க்க வேண்டும். அது அண்மையில் திரையோ பேட்டரியோ மாற்றப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

கைபேசியின் போர்டில் ஏற்பிச் சுற்றின்மேல் மெல்லிய உலோக மூடி ஒன்று இருக்கும், ஷீல்டு என்பார்கள். அதே போர்டில் ஓடும் புராசசரும் நினைவகமும் திரைக் கம்பியும் உண்டாக்கும் இரைச்சல் ஏற்பிக்குள் நுழையாமல் தடுப்பது அதுதான். சில பழுதுநீக்கும் இடங்களில் அதை நெம்பி எடுத்த பிறகு திரும்பப் பொருத்துவதில்லை. கைபேசி இயங்கும்; ஆனால் தன் இரைச்சலையே தான் கேட்டுக்கொண்டிருக்கும். விடுபட்ட திருகாணிகளும் இதே கேட்டைச் செய்யும், ஏனென்றால் அவற்றில் பல போர்டை உலோகச் சட்டத்தோடு இணைக்கும் தரை இணைப்புகள். போர்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் மெல்லிய ஆன்டெனா கேபிளின் பொத்தான் போன்ற முனை சரியாக அழுந்தவில்லை என்றாலும் ஏற்பி பாதி குருடாகிவிடும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கொடுக்கும்போதே, “ஷீல்டு, திருகாணிகள் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன்னும் வாங்கிய பின்னும் ஒரே இடத்தில் நின்று ஆர்எஸ்ஆர்பியையும் எஸ்ஐஎன்ஆரையும் குறித்துக்கொண்டால், பேச்சுக்கு இடமில்லாமல் உண்மை தெரிந்துவிடும். மலிவான மாற்றுத் திரையால் இரைச்சல் வருவதும் உண்டு. திரை ஒளிரும்போது எண் தாழ்ந்து, அழைப்பில் காதருகே வைத்துத் திரை அணைந்ததும் குரல் தெளிந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

பூஸ்டரும் அமெரிக்கத் தொலைபேசியும்

பூஸ்டர் வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் ரிப்பீட்டரையோ பூஸ்டரையோ வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் வெளிப்படையாக அறிவித்தது. சட்டத்தைத் தாண்டி ஒரு தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. எஸ்ஐஎன்ஆர் 2 ஆக இருந்த இடத்தில் கோடுகள் கூடும், தெளிவு கூடாது. அதன் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கிவிட்டால், அது இடைவிடாமல் டவரை நோக்கி இரைச்சலைக் கக்கி, அந்தத் தெருவில் உள்ள எல்லோருடைய அழைப்புகளையும் கெடுக்கும். நமக்கு எதிர்முனைக் குரல் நன்றாகக் கேட்டும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்ற புகார் தெரு முழுதும் எழுந்தால், அருகில் எங்கோ ஒரு பூஸ்டர் ஓடுகிறது என்று ஐயப்படலாம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக வாங்கி அனுப்பும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியும் இதே தீங்கைச் செய்யக்கூடும். டெக்ட் 6.0 என்று அட்டையில் அச்சிட்ட அந்த வகை, 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகிறது. இங்கே 2100 தொகுதியில் கைபேசிகள் டவரோடு பேசும் பகுதி 1920 முதல் 1980 வரை. டவரின் காதருகே அந்தத் தொலைபேசி பேசிக்கொண்டே இருக்கும். அன்போடு வந்த பொருள் என்றாலும் அதை இங்கே இயக்காமல் இருப்பதுதான் முறை.

வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டுக்குப் புகார்

மின்சாரம் முழுதும் நின்றபோதும் எண் மாறவில்லை, அண்டை டவர்களும் மெலிந்தே இருக்கின்றன, மற்ற கைபேசிகளிலும் அதே நிலை என்றால், சேவை நிறுவனத்திடம் புகார் பதிவு செய்யுங்கள். “சிக்னல் இல்லை” என்று மட்டும் எழுதினால், கோடுகள் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அலைவரிசை, பிசிஐ, செல் எண் (செயலியில் தெரியும் டவரின் அடையாள எண்), ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், நாளும் நேரமும், வீட்டில் எந்த இடத்தில் அளந்தது, எத்தனை கைபேசிகளில் சோதித்தது, மின் இணைப்பை நிறுத்தியும் மாற்றமில்லை என்ற விவரம் ஆகியவற்றைத் திரையைப் பிடித்த படங்களோடு (ஸ்கிரீன்ஷாட்) கொடுங்கள். “ஆர்எஸ்ஆர்பி −88, எஸ்ஐஎன்ஆர் −1, 850 தொகுதி, மாலை ஆறு முதல் பத்து வரை மட்டும்” என்று எழுதிய புகார் நேரே அலைவரிசைப் பொறியாளரின் மேசைக்குப் போக வாய்ப்பு அதிகம்.

குறிப்பாக நேரத்தைக் கவனித்து எழுதுங்கள். நாள் முழுதும் ஒரே அளவில் இருக்கும் குறுக்கீடு ஒரு வகை. கடை திறந்ததும் தொடங்கி மூடியதும் நிற்பது வேறு வகை, அது பெரும்பாலும் ஒரு விளம்பரப் பலகையின் மின்சுற்றையோ ஒரு பூஸ்டரையோ சுட்டும். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லலாம். அனுமதியற்ற ஒலிபரப்பு என்று நிறுவனத்தின் பொறியாளரே கண்டறிந்தால், அவர்கள் அதைத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் கம்பியில்லா கண்காணிப்பு அமைப்புக்குக் கொண்டுபோவார்கள். திசை காணும் கருவிகளோடு வந்து மூலத்தைத் தேடும் பொறுப்பு அவர்களுடையது. பொறியாளர் வீட்டுக்கு வரும் நாளில், நீங்கள் அளந்த அதே மேசையின் அதே இடத்தில், அதே நேரத்தில் அவரை அளக்கச் சொல்லுங்கள்.